ஜோடி வீட்டு விளக்குகள்

செவ்வாய், மத்தியானம்

அன்பு மிகுந்த அத்தான் அவர்களுக்கு,

இஸ்திரிப் பெட்டி சூடாகிற நேரத்தில் உங்கள் மச்சினி எழுதிக்கொள்வது. இந்த வீட்டில் நான், உங்கள் சகலை, அவருடைய குறட்டை ஆகிய மூவரும் சௌக்கியம். துறைமுகத்தில் நீங்களும் உங்கள் கிரேனும் சௌக்கியமா என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும். கேட்பது என் மரியாதை. வாயைத் திறக்காமல் இருப்பது உங்கள் மரியாதை.

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என்னிடமிருந்து விடுதலை கிடைத்துவிட்டது. போனில் பேசலாம் என்றால் நீங்கள் எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து அதுவே அசந்துபோய் நின்றுவிடுகிறது. கடிதம் அப்படியில்லை. பிரிக்காமல் போட்டு வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உங்களை முறைத்துக்கொண்டே இருக்கும். எனக்கு அது போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷத்துப் பண்டிகை விளக்குச் சட்டம் வந்துவிட்டது. நம் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், அவர்தான் நம் டேப்பு, நிலம் அளக்கிற வேலையிலிருந்து தான் மட்டும் ஓய்வு பெற்று டேப்பை ஓய்வு பெறவிடாத மனுஷர், நேரே வந்து என் இஸ்திரிக் கடைச் சுவரில் தாளை ஒட்டிவிட்டுப் போனார். துணி கொடுக்க எல்லோரும் இங்கேதானே வரவேண்டும். நானும் சும்மா விடவில்லை. சட்டை வாங்க வருகிற ஒவ்வொருவரையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எதிர்வீட்டு டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் போடுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார்கள். இப்போது எனக்கு மனப்பாடம்.

குறித்த தேதிக்கு முன்னால் ஒரு பல்புகூடத் தொங்கக்கூடாது. மஞ்சள் விளக்கு மட்டும்தான், வேறு நிறம் கூடாது. கண் சிமிட்டக்கூடாது. இது விளக்குக்குத்தான், உங்கள் சகலைக்கும் சேர்த்துப் போட்டிருந்தால் நன்றாயிருக்கும். பாட்டுப் பாடுகிற விளக்கு கூடாது. வாசலில் நிறுத்துகிற காற்றடைத்த பொம்மை கதவைவிட உயரமாக இருக்கக்கூடாது. டேப்பு போன வருஷம் ஒரு பொம்மையை நிற்க வைத்து அளந்து, தொப்பியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை வந்ததே, அதற்காக இந்த வருஷம் ‘தொப்பி உட்பட’ என்று சேர்த்திருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லாம் அணையவேண்டும். பண்டிகை முடிந்த வாரத்துக்குள் எல்லாவற்றையும் இறக்கிவிடவேண்டும்.

கடைசி விதி நமக்கென்றே எழுதினது. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொள்கிற ஜோடி வீடுகள், எரிந்தால் இரண்டும் எரியவேண்டும், இருண்டால் இரண்டும் இருண்டிருக்கவேண்டும். ஒரு பாதி வெளிச்சமும் மறுபாதி இருட்டுமாக இருந்தால் பல் விழுந்த வாய் மாதிரி தெருவின் அழகு கெடுகிறதாம்.

ஆக அத்தான், உங்கள் பாதி பூட்டிக் கிடப்பதால் என் பாதியும் இருட்டில் கிடக்கவேண்டும். ‘சாவி என்கிட்டதானே இருக்கு, ரெண்டு பக்கமும் நானே கட்டிடறேனே’ என்று கேட்டேன். ‘வீட்டுக்காரர் நேர்ல வரணும், இல்லேன்னா எழுதிக் குடுக்கணும். ஆள் இல்லாத வீட்டுல விளக்கு எரிஞ்சா யாரும்மா பொறுப்பு?’ என்றார். அவர் கேட்டதும் நியாயந்தான். ஆனால் நியாயம் பேசுகிறவரைப் பார்த்தால் எனக்கு ஏனோ காலரில் கஞ்சியைக் கூடுதலாகப் போட்டுவிடத் தோன்றுகிறது. போட்டும்விட்டேன். இரண்டு நாளாகக் கழுத்தைத் திருப்ப முடியாமல் நடக்கிறார்.

அக்கா இருந்தால் இந்தத் தாளைக் கிழித்து அடுப்புத் துடைத்திருப்பாள். அவள் என்றைக்குச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டாள்? போன வருஷம் நிற்கக்கூடத் தெம்பில்லாமல், தேதிக்கு ரொம்ப முன்னாலேயே ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று கத்துகிறேன், அவள் மேலே நின்று இருமுகிறாள். ‘லீவு எப்ப கிடைக்குமோ தெரியாதுடி. அவர் பஸ்ஸை விட்டு இறங்கி முக்குத் திரும்பினதும் நம்ம வீடுதான் முதல்ல தெரியணும்’ என்றாள். டேப்பு வந்து இறக்கச் சொன்னார். இறக்கினாள். அவர் முதுகைத் திருப்பினதும் மறுபடி ஏற்றினாள். சமையலறை ஜன்னலுக்கு மட்டும் நீல விளக்கு வேண்டும் என்று ஒரு பிடிவாதம். நிறம் கூடாது என்று டேப்பு சொன்னதும், சரத்தைக் கழற்றி ஜன்னலுக்கு உள்பக்கம் மாட்டிக்கொண்டு, ‘கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்க சட்டம், இந்தப் பக்கம் என் சமையலறை’ என்றாள். அந்த மனுஷர் டேப்பை இழுத்தபடியே நின்றார், எதை அளப்பது என்று தெரியாமல்.

அந்த வாரத்தில் படுத்தவள்தான், எழுந்திருக்கவில்லை. அதற்குமேல் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வருகிற பண்டிகையோடு ஒரு வருஷம். நீங்கள் நேரில் வந்தால் நல்லது. முடியாவிட்டால் ‘மச்சினி விளக்குக் கட்டிக்கொள்ளட்டும்’ என்று ஒரு வரி போதும். கோபமாக எழுதினாலும் பரவாயில்லை, டேப்பு கையெழுத்தைத்தான் பார்ப்பார், குரலைக் கேட்கமாட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி மச்சினி


ஞாயிறு, சாயங்காலம்

அன்பு மிகுந்த அத்தான் அவர்களுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. எதிர்பார்த்ததுதான் என்பதால் வருத்தமும் இல்லை, கொஞ்சம்தான்.

தெருவெல்லாம் விளக்கு ஏறிவிட்டது. முக்கில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் மஞ்சள், நடுவில் நம் இரண்டு வீடு மட்டும் கிணறு மாதிரி. பால் வாங்கப் போகிறவர்கள் நம் வாசலைத் தாண்டும்போது நடையைக் கூட்டுகிறார்கள். எதற்கு என்று சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் வீட்டில் விளக்கு எரிகிறது.

முதலில் பார்த்தது டீச்சர். இருட்டுகிற நேரத்தில் ஈரத் தலையோடு ஓடி வந்து, ‘உங்க அக்கா ஜன்னல்ல நீலமா எரியுது, வந்து பாருங்க’ என்றார்கள். அந்தம்மா ஒரு கமாவைக்கூட விடாமல் பேசுகிறவர்கள், அன்றைக்கு மூச்சு வாங்கினது. போய்ப் பார்த்தேன். முன்கதவில் நீங்கள் பூட்டிவிட்டுப் போன பூட்டு பூட்டினபடி. பூட்டின்மேல் தூசி. ஜன்னல் திரை இழுத்தபடி. திரைக்குப் பின்னால் அக்காவுடைய நீலச் சரம், ஒவ்வொரு பல்பும் தனித்தனியாக. போகும்போது மெயினை நீங்களே இறக்கிவிட்டுப் போனீர்கள். நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன்.

உங்கள் சகலை கேட்டுக்கு வெளியிலேயே நின்று, ‘பூனையா இருக்கும்’ என்றார். ‘பூனை எப்பங்க ஸ்விட்ச் போடக் கத்துக்கிச்சு?’ என்று கேட்டேன். ‘உன்கிட்ட பேச முடியுமா’ என்று உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். நான் வெளியே நிற்கிறேன் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. பள்ளிக்கூட வேனில் அத்தனை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஓட்டுகிற மனுஷர் அவர்.

அன்றிலிருந்து தினமும் இருட்டினதும் எரிகிறது, ஒன்பது மணிக்கு அணைகிறது. கூட்டம் கூடிப் பார்க்கிறது. ஒருத்தர் நிழலைப் பார்த்தேன் என்கிறார். ஒருத்தர் வளையல் சத்தம் கேட்டேன் என்கிறார். டீச்சர் மட்டும் தனியாக என் கையைப் பிடித்து, ‘திரைக்குப் பின்னால யாரோ அடுப்புகிட்ட நின்னாங்க, குனிஞ்சு, உங்க அக்கா நிக்கிற மாதிரியே’ என்றார்கள். சொல்லிவிட்டு அழுதார்கள். நான்தான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

நான் யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். பகலிலும் சத்தம் கேட்கிறது. நம் நடுச்சுவர் எவ்வளவு மெலிசு என்று தெரியுமே. நான் இந்தப் பக்கம் உப்பு எங்கே என்று தேடினால் அவள் அந்தப் பக்கத்திலிருந்து, ‘அரிசி டப்பாவுக்குப் பின்னாடி பாருடி’ என்பாள். இப்போது அந்தச் சுவரில் வெகுநேரம் குழாய் ஓடுகிற சத்தம், நாற்காலி நகர்கிற சத்தம். என் வீட்டுப் பின்பக்கம் கூடையில் வைக்கிற வெங்காயம் குறைகிறது. அக்காவுடைய கைவரிசை அது. உயிரோடு இருந்தவரைக்கும் தன் வீட்டு வெங்காயத்தை அவள் உரித்ததே இல்லை. கூடை குறைந்ததைப் பார்த்து நான் என்ன செய்தேன் தெரியுமா? நிரப்பி வைத்தேன்.

எனக்குப் பயம் இல்லை அத்தான். நம்பமாட்டீர்கள், இந்த வருஷத்திலேயே இந்தச் சில நாள்தான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது. சாயங்காலம் தேய்த்து மாட்டின வெள்ளைச் சட்டைகள்மேல் அந்த நீல வெளிச்சம் விழுகிறது. கடையை அடைக்காமல் உட்கார்ந்து பார்க்கிறேன். சுவரில் காதை வைத்து, அவள் போன பிறகு நடந்ததையெல்லாம் மெதுவாகச் சொல்கிறேன். யார் யாருக்கு எங்கே கல்யாணம், யார் யாரோடு சண்டை, அவள் புடவையில் நான் எதை எடுத்துக்கொண்டேன் என்பது எல்லாம். நான் பேசினால் அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிடும். கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

சாவியை எடுத்துக்கொண்டு ஒருநாள் வாசல்வரை போனேன். பூட்டில் சாவியை நுழைத்தும்விட்டேன். திருப்பவில்லை. உள்ளே போய் அங்கே யாரும் இல்லை என்று தெரிந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? அப்படியே உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் டேப்பு வந்தார். பேய் இருக்கிறதா இல்லையா என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. நீல விளக்கு, அது ஒரு குற்றம். ஜோடியில் ஒரு பாதி எரிகிறது, அது இரண்டாவது குற்றம். ‘யார் எரிக்கிறாங்கன்னு தெரியணும்மா. ஆள் பேருக்குத்தானே நோட்டீஸ் எழுதமுடியும்’ என்றார். ‘செத்தவங்க பேருக்கு எழுதுங்க, வந்து வாங்கிக்கறாளான்னு பார்ப்போம்’ என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பாவம், அக்கா இறந்த அன்றைக்குத் தெருவிலேயே முதலில் வந்து நின்றவர் அவர்தான். பூட்டை உடைத்துப் பார்க்கலாம் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்றது. ‘உடைக்க என்ன இருக்கு? நான்தான் பின்வாசல் வழியாப் போய்ப் போட்டேன். எங்க அக்கா விளக்கு, எனக்கு ஆசையா இருந்துச்சு’ என்று சொல்லிவிட்டேன்.

நோட்டீஸ் என் பேருக்கு வந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஜோடி வீட்டில் இரண்டும் எரியவேண்டும், அதுவும் வீட்டுக்காரர் சம்மதத்தோடு. இல்லாவிட்டால் சங்கத்து ஆட்கள் ஒயர்மேனோடு வந்து கதவைத் திறந்து, உள்ளே இருக்கிற சரத்தைக் கழற்றி, இணைப்பையே பிடுங்கிவிடுவார்களாம்.

அவளை அங்கிருந்து கிளப்ப எனக்கு மனசில்லை அத்தான். ஒரு வரி எழுதுங்கள். எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக.

இப்படிக்கு,
உங்கள் மச்சினி


வியாழன், விடிந்தும் விடியாமலும்

அன்பு மிகுந்த அத்தான் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்துக்கு நான் தபால் தலை ஒட்டவில்லை. பின்வாசல் கதவுக்கு அடியில் தள்ளிவிடப் போகிறேன். குனிந்து எடுத்தால் போதும்.

துறைமுகத்து விலாசத்துக்கு ஏற்கெனவே இரண்டு கடிதம் போட்டிருக்கிறேன். அவை அங்கே உங்கள் வெறுங்கட்டிலை முறைத்துக்கொண்டு கிடக்கும். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தேன். நீங்கள் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாது.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று யோசிப்பீர்கள். நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு நானும் உங்கள் சகலையும் வாசலில் நின்றோம். தெரு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மணி ஒன்பதைத் தாண்டியும் ஒருத்தரும் அணைக்கவில்லை. டேப்பு வீட்டில்கூட எரிந்தது, மனுஷர் தூங்கிவிட்டார் போலிருக்கிறது. உங்கள் நீல விளக்கு மட்டும் ஒன்பதுக்கே டாண் என்று அணைந்தது. உங்கள் சகலை கேட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, ‘நம்ம தெருவுல சட்டத்தை மதிக்கிறது இந்தப் பேய் ஒண்ணுதான்’ என்றார். பயந்த மனுஷர் தெரியாத்தனமாகச் சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் நின்றுவிட்டேன்.

அக்கா எந்த நாளில் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தாள்? அவள் பேயாக வந்திருந்தால் விடிய விடிய எரியும். டேப்பு தலைமாட்டிலும் ஒன்று எரியும். நீங்கள் லீவில் வருகிற வருஷங்களில்தான், ‘மணியாச்சு, மணியாச்சு’ என்று அவள் பின்னாலேயே போய் ஸ்விட்சை அணைப்பீர்கள். அதற்காக அவள் உங்களைத் திட்டுவது இந்தச் சுவர் வழியாக எனக்குக் கேட்கும்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் உறைத்தது. வெங்காயம் எடுத்தது அவளாக இருந்தால் அது கருகி இருக்காதே. நாலைந்து நாளாகச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது கருகின வாடை. வாசனை என்று நினைத்து மூச்சை இழுத்து இழுத்துப் பிடித்திருக்கிறேன் பாருங்கள், என்னைச் சொல்லவேண்டும். பின்வாசல் சாவி உங்களிடம் இருக்கும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. முன்கதவுப் பூட்டைப் பார்த்துப் பார்த்தே ஏமாந்திருக்கிறேன்.

கண்டுபிடித்ததும் சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். படவில்லை. இரவு முழுக்க உங்கள்மேல் ஆத்திரம். இருந்த ஒருத்தியையும் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டீர்களே. நான் அத்தனை நாள் காது வைத்துப் பேசினது உங்களிடமா? அவள் புடவையை எடுத்துக்கொண்டதையெல்லாம் சொன்னேனே. போகட்டும், அந்தப் பச்சைப் புடவையை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள்.

விடியப்போகிற நேரத்தில் ஆத்திரம் இறங்கினது. குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு டம்ளர் பிடிக்கிற நேரத்துக்கு மேலும் ஓடினது, அப்புறம்தான் மூடினீர்கள். இத்தனை நாள் இப்படித்தான் வெளியே தெரியாமல் தண்ணீர் குடித்துக்கொண்டு, ஒரு நீலச் சரத்து வெளிச்சத்தில் சமைத்துக்கொண்டு, இருக்கிற வீட்டில் இல்லாதவர் மாதிரி இருந்திருக்கிறீர்கள். தெரு உங்களைச் செத்தவள் என்று நினைத்துப் பயப்படுகிறது. நீங்களும் அப்படியே இருந்துகொள்ளலாம் என்று இருக்கிறீர்களோ என்றுதான் எனக்குப் பயம். இதுவரைக்கும் வராத பயம் இப்போது வருகிறது.

அந்த நாளைப் பற்றி நாம் பேசினதே இல்லை. நான் எழுதிவிடுகிறேன். வாயால் என்றால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

அவள் படுக்கையில் கிடந்தபோது, ‘அவர் வர்ற வரைக்கும் அணைக்காதேடி’ என்றாள். அவள் போன பிறகும் நான் அணைக்கவில்லை. சாவு நடந்த வீட்டில் என்ன விளக்கு என்று கேட்டார்கள். ஜோடி வீட்டில் இரண்டும் எரியட்டும் என்று சொல்லி என் பக்கத்தையும் சேர்த்தே எரிய விட்டேன். டேப்பு தாளை எடுத்துக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். நீங்கள் கப்பலும் ரயிலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தீர்கள், எந்த இடத்திலும் போன் கிடைக்காமல் உங்களுக்குச் சேதி கொடுக்க முடியவில்லை. அவள் சொன்ன மாதிரியே முக்குத் திரும்பினதும் உங்களுக்கு முதலில் தெரிந்தது நம் வீடுதான். விளக்கைப் பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டே வந்தீர்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவ்வளவு தூரம், அந்தச் சிரிப்பு. கிட்டே வந்ததும், ‘எங்க உன் அக்கா, இன்னும் ஸ்டூல் மேலயா?’ என்று கேட்டீர்கள்.

அன்றைக்கே எல்லாச் சரத்தையும் பிய்த்தீர்கள். என் பக்கத்ததையும் சேர்த்து. உள்ளே இருந்த நீலத்தை மட்டும் விட்டுவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனீர்கள்.

விளக்கை எரியவிட்டது தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன் அத்தான். அவள் கேட்டாள், நான் செய்தேன். மறுபடி கேட்டாலும் செய்வேன். உங்களுக்கு என்மேல் கோபம் இருந்தால் நேரில் வந்து படுங்கள். கோபத்தைத் துறைமுகம்வரை கொண்டுபோய், திரும்பவும் கொண்டுவந்து, சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கவேண்டாம். எனக்குத் தோல் தடிமன். தினம் இஸ்திரிப் பெட்டியில் சுட்டுக்கொள்கிறவள்.

இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் டேப்பும் ஆட்களும் வருவார்கள். கதவை அவர்கள் திறந்து, தெருவே எட்டிப் பார்க்க, தாடியும் அழுக்கு லுங்கியுமாக உங்களை அடுப்படியில் கண்டுபிடிக்கக்கூடாது. நாளைக்கு என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லியே துணி கொடுப்பார்கள். உங்களைப் பற்றி எனக்கு முன்னால் வேறு யாரும் கேலி பேசக்கூடாது, அந்த உரிமை என்னுடையது.

டேப்பிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நல்ல மனுஷர், சத்தம் போடாமல் வந்து பேசுவார். ஆனால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒருத்தர் கூட்டிக்கொண்டு வந்து நீங்கள் வெளியே வருவது வேறு, நீங்களாக வருவது வேறு. உங்கள் சகலைக்கும் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் வேனில் இருக்கிற பிள்ளைகள் வழியாகத் தெருவுக்கே தெரிந்துவிடும். அவர் இன்னும் பேய் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார், குளிக்கும்போது சத்தமாகப் பாடுகிறார்.

முன்கதவுப் பூட்டைக் கழற்றி எடுத்துவிட்டேன். இனி அந்தக் கதவை உள்ளேயிருந்து நீங்கள்தான் திறக்கவேண்டும். வெளியே இருக்கிற யாருக்கும் அதில் வேலை இல்லை, எனக்கும் இல்லை.

இன்று மத்தியானம் என் பக்கத்தில் மஞ்சள் சரம் கட்டப்போகிறேன். உங்கள் பக்கத்துக் கூரையோரத்திலும் கட்டுவேன். உங்கள் சகலை ஸ்டூலைப் பிடிப்பார், கண்ணை மூடிக்கொண்டு. உங்கள் சரத்தின் ஒயரைச் சமையலறை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே விட்டுவிடுவேன். நீங்கள் வீட்டுக்காரர், உங்கள் சம்மதத்தை நீங்கள்தான் சொருகவேண்டும். இருட்டினதும் என் பக்கம் எரியும். உங்கள் பக்கம் எரிந்தால் நல்லது. எரியாவிட்டால் டேப்பு என் பேருக்கு இன்னொரு நோட்டீஸ் எழுதட்டும். நான் அணைக்கப் போவதில்லை. நாளைக்கும் எரியும், சனிக்கிழமையும் எரியும்.

பின்வாசல் கதவுக்கு வெளியே தட்டு ஒன்று வைத்திருக்கிறேன். சூடாக இருக்கும்போதே எடுங்கள். வெங்காயம் நான் வதக்கினது.

கதவைத் தட்டி உங்களைக் கூப்பிடமாட்டேன். வெளியே வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு வரவேண்டும் என்றும் இல்லை. யாராவது ஏதாவது கேட்டால் நேற்று ராத்திரி வண்டியில் வந்தார் என்று நான் சொல்லிக்கொள்கிறேன், எனக்குப் பொய் புதிதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் அழுகிறீர்கள் என்று எனக்கு இன்றைக்குத்தான் புரிந்தது. இனி குழாயை மூடிவிட்டு அழுங்கள் அத்தான். சத்தமாகவே அழுங்கள். இந்தப் பக்கம் நான் இருக்கிறேன்.

நீங்கள் நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
அடுத்த பாதியிலிருந்து,
உங்கள் மச்சினி